பெயர் எழுதிக் கொடுக்கும் முன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டுத் தம்பி கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். இங்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகாமல் வந்திருந்தார்.

"சார், வார்டுல தன்னார்வலர் லிஸ்ட் எடுக்கறோம். மழைக்கு முன்னாடி கால்வாய் பாக்கணும், மரக்கன்னு வெக்கணும், கொசு மருந்து அடிக்கறப்ப கூடப் போகணும். உங்க பேரையும் எழுதிக்கட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றேன். அவர் முகம் சற்று வாடியது. எனக்கு மனமில்லாமல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் கோப்பு கட்டியவன். முழுக்கப் படிக்காத தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அன்று இரவெல்லாம் இதே யோசனை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கற்ற இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று 'பெனெவோல்'. லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. நல்லதை விரும்புபவர் என்று பொருள். கூலி வாங்காமல் தானே முன்வந்து வேலை செய்கிறவரை அப்படிச் சொல்வார்கள். மற்றது 'கொர்வே'. அதிலும் கூலி கிடையாது, ஆனால் வராமல் இருக்கவும் முடியாது. பிரான்சில் ராஜபாட்டை போடுவதற்குக் குடியானவர்களை இப்படித்தான் இழுத்தார்கள். 1776-ல் துய்ர்கோ என்ற அமைச்சர் அதை ஒழித்தார். அவர் பதவி போனதும் பழையபடி திரும்பி வந்தது. புரட்சிக்குப் பிறகுதான் ஒரேயடியாகத் தொலைந்தது.

நம் தமிழிலும் அதற்குச் சொல் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அது கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய வேலைதான். இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் பயனில்லாத வேலை என்று ஆகிவிட்டது. கூலியும் இல்லை, கேள்வியும் இல்லை என்றால் செய்கிறவனுக்கு அப்படித்தானே தோன்றும்!

தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதே மண்வெட்டி, அதே கூடை, அதே வியர்வை. எங்கே வேறுபடுகிறது? நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

முதலில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலைச் சீட்டில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். 360 நாள் வேலை, பிறகு வேறு ஆட்கள். குடவோலை என்றதும் எல்லோரும் தேர்தலைத்தான் பேசுவார்கள். பழைய கிளார்க் ஆன என் கண்ணில் படுவது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி எழுதக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. ஊர் வேலை என்றால் கணக்கும் சேர்த்துத்தான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கவேண்டும், வேதப் படிப்பு வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். பெண்ணுக்கு இடமில்லை, ஏரியில் மண் சுமந்தவனுக்கும் இடமில்லை. எழுபதைத் தாண்டிய எனக்கும் அந்தக் குடத்தில் சீட்டு கிடையாது!

அடுத்தது குடிமராமத்து. ஏரிப் பாசனம் உள்ள நம் செங்கல்பட்டுச் சீமையில் இது பழைய வழக்கம். கோடையில் ஊரார் கூடி வரத்துக்கால் தூர்வாருவார்கள், கரையில் மண் போடுவார்கள். தண்ணீர் பாய்கிறவர்களின் வேலை, அவர்களே முடிவு செய்கிற வேலை. வெள்ளைக்காரன் ஆட்சியில் நிலவரி முறை மாறி, ஏரியும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று ஆனபிறகு அந்த வழக்கம் தளர்ந்தது. அப்போது கொண்டுவந்ததுதான் 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம். அதன் பெயரே 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்'. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த, உடம்பில் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு வரச் சொல்லலாம். வழக்கமாகச் செய்யவேண்டிய மராமத்து வேலையைச் செய்யாதவர்களிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். ஊரின் வழக்கம் அரசாங்கத்தின் உத்தரவாயிற்று; பெனெவோல் கொர்வே ஆயிற்று. மண்ணும் கூடையும் மாறவில்லை. முடிவு செய்கிற இடம்தான் ஊரை விட்டுக் கச்சேரிக்குப் போனது. சட்டம் வந்தும் குடிமராமத்து பிழைக்கவில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கியபோது, பெயரையாவது மறக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது நடந்தது நம் மாவட்டத்திலேயே. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் கடம்பத்தூர் வரும். எத்தனை பேர் அந்த ஸ்டேஷனை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிறோம்! 1958-ல் அது செங்கல்பட்டு மாவட்டம், காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது அந்தக் கடம்பத்தூரில்தான்.

செய்தது மிக எளிமையான காரியம். ஒவ்வொரு பள்ளியிலும் என்னென்ன இல்லை என்று முதலில் ஒரு பட்டியல். கூரை மாற்றணும், பெஞ்சு வேணும், கரும்பலகை வேணும், குடிநீர்ப் பானை வேணும். அந்தப் பட்டியலை ஊரார் முன் வைப்பார்கள். முடிந்தவர் முடிந்ததை ஏற்பார். ஒருவர் நிலம், ஒருவர் மரச்சாமான், ஒருவர் பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி, ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பு. பிறகு மாநாடு கூட்டி, யார் என்ன கொடுத்தார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்கள். கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் முழுக்கப் பரவியது. பகல் உணவும் அப்படித்தான். 1956-ல் ஊராரின் நன்கொடையில் தொடங்கி, பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அரசுக்கு ஆறு, ஊருக்கு நாலு. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபின் அரசே முழுதும் ஏற்றது. அதுதான் நியாயமும் கூட. பிள்ளையின் பசி யாருடைய தாராளத்தையும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் பட்டியல் ஊரார் முன் வந்ததே, கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்ததே, அதை நாம் தொலைத்திருக்க வேண்டாம்.

இன்றைக்கு வருவோம். 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. தமிழ்நாட்டில் நகரத்து மக்கள் உட்கார்ந்து பேசும் பகுதி சபாக்கள் 2022 நவம்பர் 1 அன்று கூடின. புதுச்சேரிக்காரனுக்கு அந்தத் தேதி மறக்காது. 1954-ல் அதே நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சுக் கொடி இறங்கி எங்கள் ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கதை வேறு. 1968-க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அடுத்த தேர்தல் வரவில்லை. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே அச்சில் அழகாகத் திரும்பக் கட்டிவிட்டார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்கார மன்றம் வரவில்லை. தன்னார்வலர் அங்கேயும் இருக்கிறார்கள். கடற்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை.

எங்கள் தெருவிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். போன மழையில் கால்வாய் அடைத்துத் தண்ணீர் ஏறியபோது முதலில் இறங்கியது அவர்கள்தான். அவர்களுடைய ஓட்டு இருப்பதோ சொந்த ஊரில். அள்ளும்போது கை வேண்டும், பேசும்போது ஆள் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் என்ன? நாங்கள் வெட்டி என்று சொன்னதுதான்.

மறுநாள் எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"பேர் எழுதிக்கோ தம்பி. குனிஞ்சு மண் அள்ள இந்த முதுகு ஒத்துழைக்காது. கணக்கு நோட்டு நான் எழுதறேன். என்ன வேலை கேட்டோம், எது நடந்தது, யார் வந்தாங்க, எவ்வளவு செலவு, எல்லாத்தையும் எழுதி பகுதி சபா கூடறப்ப வாசிக்கணும். அந்த ரூம் பசங்க பேரும் லிஸ்ட்ல இருக்கணும். அவங்க சொல்றதையும் எழுதணும்."

"அவங்களுக்குத் தமிழ் எழுத வராதே சார்."

"எனக்கு வருமே. நீ இந்தியில கேட்டுச் சொல்லு, நான் தமிழ்ல எழுதறேன்."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். முதல் பக்கத்தில் தேதி போட்டு, கோடு கிழித்து, வரிசை எண் 1 என்று எழுதியிருக்கிறேன். அடைத்திருக்கும் கால்வாய், கிழக்குக் கோடி. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.