அசல் எங்கே இருக்கிறது? ஆடம்பரக் கைப்பைகளின் விலையும் போலிகளின் வாதமும்

பாரிஸில் பயணப் பெட்டி வணிகம் செய்துவந்த ஜார்ஜ் விட்டான் 1896-இல் தம் தந்தை லூயி விட்டானின் பெயரெழுத்துகளையும் பூ வடிவங்களையும் கோத்து ஒரு கேன்வாஸை உருவாக்கினார். அழகுக்காக மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. அதற்கு முன் கொண்டுவந்த வடிவங்களை மற்றவர்கள் காப்பியடித்துவிட்டதால், எவரும் எளிதில் பின்பற்ற முடியாத ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. போலியைத் தடுக்கப் பிறந்த அந்த முத்திரைதான் இன்று உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் அடையாளங்களுள் ஒன்று.

லட்சங்களைக் கொடுத்து அசலை வாங்குவதா, சில ஆயிரங்களில் கிடைக்கும் 'ஃபர்ஸ்ட் காப்பி' போதுமா என்பதை வழக்கமாகத் தரம் பற்றிய கேள்வியாகவே கேட்கிறோம்: தோல் நல்லதா, தையல் நிற்குமா, ஜிப் உழைக்குமா? அப்படிக் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். பெரும்பாலான ஆடம்பரப் பைகளில் அசலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு பையைவிடக் கணக்கேட்டில்தான் அதிகம் இருக்கிறது. போலி வாங்குபவரோ, தாம் வெளியே நின்று சிரிப்பதாக நினைக்கும் ஆட்டத்தை உள்ளே இருந்தே ஆடுகிறார். இவ்விரண்டும் இக்கட்டுரையின் வாதங்கள்.

விதிவிலக்கை முதலில் சொல்லிவிட வேண்டும். 1837-இல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மெஸ், சேணத் தையலை இன்றும் கைவிடவில்லை. மெழுகேற்றிய ஒரே லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோக்கப்படுகிறது. குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைந்து வெளிவருகின்றன. ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் தோலுக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்வதோடு சரி. ஒன்று அறுந்தால் வரிசையே விட்டுக்கொடுக்கத் தொடங்கும். 1984-இல் வந்த பிர்கின் பையை ஒரே கைவினைஞர் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து செய்கிறார். பழுதானால் நிறுவனமே வாங்கிச் செப்பனிட்டுத் தருகிறது. இங்கே உழைப்பு பையில் கண்ணுக்குத் தெரிகிறது. தைப்பவன் விரலால் தடவியே சொல்லிவிடுவான்.

ஆனால் அந்தக் கைவினைஞரின் கூலியை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும், தோலின் விலையை மேலே சேர்த்தாலும், கடை விலையின் பக்கத்தில்கூட வராது. 2024-இல் ஹெர்மெஸின் செயல்பாட்டு லாபம் வருவாயில் 40 விழுக்காட்டைத் தாண்டியது. சிறந்ததன் நிலையே இது என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷனெலின் நடுத்தர அளவு கிளாசிக் ஃபிளாப் பை அமெரிக்காவில் 2019-இல் 6,000 டாலருக்குக் கீழே விற்றது. 2024-இல் 10,000 டாலருக்கு மேல் விற்றது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஆட்டுத்தோலுக்கோ தையலுக்கோ என்ன நேர்ந்தது என்று கேட்டால் மூலப்பொருள், கூலி உயர்வு என்று ஒரு பதில் வரும். இவ்வளவு பெரிய ஏற்றத்தை அது விளக்காது.

மிலான் நீதிமன்றம் 2024 ஜூனில் பிறப்பித்த ஆணை இந்த விவாதத்தில் ஒரு திருப்பம். டியோரின் இத்தாலிய உற்பத்தித் துணை நிறுவனம் ஒன்று நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைக்கப்பட்டது. விசாரணை ஆவணங்களின்படி, கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைக் கோத்து முடிக்க ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்பட்டது 53 யூரோ. இந்த எண்ணைப் பலரும் அடக்கவிலை என்றே சுட்டுகிறார்கள். அது பிழை: தோல், வடிவமைப்பு, கடை வாடகை, விளம்பரம் எதுவும் அதில் சேரவில்லை. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இருக்கவில்லை. துணை ஒப்பந்தங்களைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்பதே நீதிமன்றத்தின் குறை. நிர்வாக ஆணையும் 2025-இல் விலக்கப்பட்டது. இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. மிலானைச் சுற்றியிருந்த அப்பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலைசெய்த இடத்திலேயே உறங்கினார்கள். இரவு, பகல், விடுமுறை என்ற பேதமின்றி வேலை நடந்ததை அதிகாரிகள் மின்பயன்பாட்டுப் பதிவுகளிலிருந்தே கண்டுகொண்டார்கள். மெஷின் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்புச் சாதனங்கள் கழற்றப்பட்டிருந்தன. போலிப் பட்டறை என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி இதுதானே? இங்கே தைக்கப்பட்ட பை அசல். அதை அசலாக்கியது முத்திரையைப் பதிக்கும் உரிமை.

மறுபுறம், சீனாவின் குவாங்சோ பகுதியில் உயர்தரப் போலி செய்பவர்கள் அசல் பையைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்த்து, தோலின் மடிப்பும் நூலின் நிறமும் சங்கிலிக் கண்ணிகளின் எடையும் ஒத்துவரும்படி செய்கிறார்கள். சில நூறு டாலருக்கு விற்கும் இத்தகைய 'சூப்பர்ஃபேக்' பைகளைப் பிரித்தறியத் தேர்ந்த கண்களே திணறுகின்றன. அப்படியானால் போலியே போதும் என்று முடித்துவிடலாமா?

1899-இல் அமெரிக்கச் சமூகச் சிந்தனையாளர் தார்ஸ்டைன் வெப்லன் இக்கேள்வியைக் கரண்டியை வைத்து அலசினார். கையால் அடித்த வெள்ளிக் கரண்டி என்று நம்பி ரசித்தது மெஷினில் செய்த நேர்த்தியான போலி என்று தெரிந்த கணத்தில், அதன் அழகால் வந்த மகிழ்ச்சியும் உட்பட அதன் பயன்மதிப்பு 80, 90 விழுக்காடு சரிந்துவிடும் என்றார். கரண்டி மாறவில்லை, அதைப் பற்றிய செய்திதான் மாறியது. 1988-இல் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மனும் கார்ல் ஷபீரோவும் இதைப் பொருளியல் மொழியில் விரித்தார்கள்: தெரிந்தே போலி வாங்குபவர், அசலின் தரத்திலிருந்து அதன் அந்தஸ்தைத் தனியே பிரித்து வாங்குகிறார்.

போலி ஆதரவாளரின் வாதம் முறிவதும் இங்கேதான். அசலுக்கு அந்த விலை ஏமாற்று என்கிறார். சரி, ஏமாற்று என்றால் அதே எழுத்துகள் தம் தோளில் தொங்க வேண்டிய அவசியம் என்ன? தோலும் தையலும் நன்றாக இருக்கின்றன என்றால் முத்திரையில்லாத பை போதுமே. அசல் அநியாய விலைக்கு விற்றால்தான் போலிக்கு மதிப்பு. நாளையே அசல் பாதி விலைக்கு இறங்கினால் முதலில் நட்டமடைபவர் இவர்தான். கூலியைப் பற்றிய கோபத்தில் போலிக்குப் போவதும் எடுபடாது. மிலானில் ஓர் அதிகாரி மின்பதிவையாவது பார்த்தார். போலிப் பட்டறையின் வேலை நேரத்தைக் கேட்க யார் போகப்போகிறார்கள்?

முதலீடு என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. ஹெர்மெஸின் பிர்கின், கெல்லி போன்ற சில பைகள் கடை விலைக்கு மேலேயே கைமாறுகின்றன என்பது உண்மை. நடிகை ஜேன் பிர்கின் பயன்படுத்திய முதல் பிர்கின் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அது அருங்காட்சியகப் பொருளின் விலை. பையின் விலையை அதிலிருந்து கணிக்க முடியாது. மற்றப் பெரும்பாலான ஆடம்பரப் பைகள் கடையைவிட்டு வெளியே வந்ததுமே விலை இறங்குகின்றன. பிர்கின் பங்குச்சந்தையையே வென்றது என்ற கணக்கை 2016-இல் வெளியிட்டது கைப்பை மறுவிற்பனை நிறுவனம் ஒன்று. 35 ஆண்டு வளர்ச்சி என்றார்கள். 1984-இல் பிறந்த பைக்கு அந்த வயது எப்படி வந்தது என்பது வேறு கதை.

அசலையும் போலியையும் மட்டும் தராசில் வைப்பதுதான் அடிப்படைக் கோளாறு. மூன்றாவது பை ஒன்று உண்டு. 1978-இல் திலீப் கபூர் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன், தாவரப் பதனிட்ட தோலில் பித்தளைக் கொளுவிகளோடு செய்யும் பை ஆடம்பரப் பிராண்டுகளின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. அதே தரத்தில் பெயரே இல்லாத பட்டறைப் பைகளும் உண்டு. நல்ல தோல், நிற்கும் தையல், பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றின் நேர்மையான விலையை இவற்றை வைத்தே மதிப்பிட வேண்டும். அந்த அளவுகோலில் பிர்கின் தன் விலையில் ஒரு பங்கையாவது உழைப்பைக் காட்டி நியாயப்படுத்தும். பருத்தித் துணியில் பிவிசி பூசி எழுத்து அச்சிட்ட பை, அசலானாலும் போலியானாலும், நியாயப்படுத்தாது. அந்த எழுத்துக்காகவே வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்குபவரிடம் எனக்கு வழக்கில்லை. அவர் அசலையே வாங்கட்டும்.