கல்வெட்டுக்களில் ஊரார் குறையும் கோயில் அறமும்

திருக்கோயிலுக்கு அறம் செய்ய முன்வரும் அன்பர் பலர், ‘கோயிலுக்கு யாது வேண்டும்?’ என்று வினவுவது வழக்கம். விமானத்திற்குச் சுதைவேலை, மூர்த்திக்குக் கவசம், வாயிலுக்கு மணி என்றிவ்வாறு பட்டியல் ஒன்று அவர்தம் கையில் கொடுக்கப்பெறும். ‘இக்கோயிலைச் சூழ்ந்து வாழும் ஊரார்க்கு யாது வேண்டும்?’ என்னும் வினா அத்துணை எளிதில் எழுவதில்லை. நம் முன்னோர் இவ்விரண்டையும் வேறுவேறு வினாக்களாகக் கொண்டிலர் என்பதைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பொறுமையுடன் படிப்போர் நன்குணர்வர். கல்வெட்டு என்றவுடன் மன்னர்தம் மெய்க்கீர்த்தியும் போர் வெற்றியுமே பலர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் நெற்கணக்கும் எண்ணெய்க் கணக்கும் அல்லவோ ஊரின் உண்மை வரலாறு! அக்கணக்குகளுட் சிலவற்றை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தஞ்சையை நோக்குவோம். முதலாம் இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டாகிய 1010இல் இராசராசேச்சுரத்தின் விமானத்து உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்தான் என்பது யாவரும் அறிந்த செய்தி. அக்கோயிலுக்கு இறையிலியாக விடப்பெற்ற ஊர்கள் பல. ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என மிக நுண்ணிய பின்னம் வரை அளந்து கல்லில் வெட்டியுள்ளனர். அவ்வாறு அளந்தபின், எவ்வெந்நிலங்களுக்கு வரி இல்லை என்பதையும் ஊர்தோறும் தனித்தனியே குறித்துள்ளனர். மக்கள் குடியிருக்கும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. ஊரினுள் நடந்து பாராத ஒருவன் இப்பட்டியலை எழுதியிருத்தல் இயலாது. குடியிருப்பும் நீரும் இறுதிக்கடன் செய்யும் இடமும் வரிக்கு உட்படலாகாது என்னும் தெளிவு அக்கணக்கில் விளங்குகின்றது.

அக்கோயிலில் பணிபுரிய வருவிக்கப்பெற்ற தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர். அவர் ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எத்தெருவில் எச்சிறகில் எத்தனையாம் வீடு அவர்க்குரியது என்பதும் வரையப்பெற்றுள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஆடற்பெண்டிர், இசைவாணர் ஆகியோரொடு நாவிதர், தையற்காரர், ஆடை வெளுப்போர், தச்சர், கன்னார் முதலியோரும் பங்கு பெற்றனர். பேரரசன் ஒருவன் தன் கோயிற் சுவரில் ஆடை வெளுப்பவனுக்கும் ஓரிடம் தந்தான் என்பதை எத்தனை பேர் கருதிப் பார்த்துள்ளோம்?

விளக்கறத்தின் முறையும் நோக்கத்தக்கது. நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் அளிப்பது அக்கால வழக்கம். பசுவாயின் நாற்பத்தெட்டு, எருமையாயின் பதினாறு. இவற்றைப் பெற்ற ஆயர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். இவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ எனின், இல்லை. இறந்தவற்றின் இடத்தில் குட்டிகள் வளர்ந்து நிற்றலால் கணக்கில் எண் குறையாது என்பதே பொருள். விளக்கு இறைவனுக்கு, மந்தை ஆயனுக்கு. மந்தையால் வரும் பெருக்கம் அவன் குடும்பத்திற்கு உதவும். பொன்னைப் பேழையில் பூட்டிவைத்து விளக்கெரிக்க முயன்றிருந்தால் இப்பயன் விளைந்திராது.

பொன்னும் பேழையில் உறங்கவில்லை. தஞ்சைக் கோயிலின் காசு சுற்றிலுமுள்ள ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பெற்றது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. அவ்வட்டியைக்கொண்டு கோயிலின் நித்தியச் செலவுகள் நடந்தன. கோயிலும் ஊரும் ஒன்றன் கணக்கில் மற்றொன்று எழுதப்பெற்றிருந்த காலம் அது. இதன் பயன் பஞ்சம் வந்தபொழுது வெளிப்பட்டது. பழைய தஞ்சை மாவட்டத்து ஆலங்குடியில், காலம் பொல்லாததாகி, உண்ண நெல்லும் விதைக்க விதையும் இன்றி ஊரார் வருந்தியபொழுது, சபையார் கோயிற் பண்டாரத்தை அணுகினர். இறைவனுடைய பொன்னணிகளும் வெள்ளிக் கலங்களும் கடனாக வழங்கப்பெற்றன: பொன் 1011 கழஞ்சு, வெள்ளி 464 பலம். அதற்கு ஈடாக எட்டே முக்கால் வேலி நிலத்தைச் சபையார் கோயிலுக்கு விட்டு, அதன் விளைவினின்று வட்டி செலுத்தலாயினர். இது கொடையன்று, கடனே என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆயினும் இறைவன் திருமேனியில் அணியும் பொன்னை விதைநெல்லாக மாற்றக் கோயிலார் தயங்கவில்லை என்பதை நினைத்தல் வேண்டும்.

ஊரின் குறையை அறிவதற்கு ஊரார் தமக்குள்ளேயே ஓர் ஒழுங்கு அமைத்துக்கொண்டனர். உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டும் இதற்குச் சான்று. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியத்திற்கு அறுவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாது சென்றவரும் அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் தகுதியற்றோராயினர். குடவோலையைப் பலரும் புகழ்வர். யாம் வியப்பது வேறொன்று. முதற் கல்வெட்டில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயதெல்லை, ஈராண்டு கழித்து முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றப்பெற்றது. தாம் வகுத்த விதியைத் தாமே மீண்டும் ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் பண்பு அச்சபையாரிடம் இருந்தது.

பெருமை பேசி இவ்விடத்தே நின்றுவிடுதல் நேர்மையாகாது. உத்திரமேரூர்ச் சபை அந்தணர்க்குரிய பிரமதேயத்தின் சபை. கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் மறைப் பயிற்சியும் உடையோர் பெயரே குடத்துட் புகும். பெண்டிர் பெயர் புகாது. உழுது விளைவித்த கூலியாள் பெயர் புகாது. பறைச்சேரியின் நிலத்தைத் தஞ்சைக் கணக்கன் பிழையின்றி அளந்தான். அச்சேரியில் வாழ்ந்தவன் தன் குறையைத் தானே எடுத்துரைக்க இடமிருந்ததாகத் தெரியவில்லை. சில ஊர்களில் சுடுகாடுகூட ஒவ்வொரு பிரிவினர்க்கும் வெவ்வேறாகக் குறிக்கப்பெற்றுள்ளமை அக்கல்வெட்டுக்களாலேயே அறியப்படும். ஊரை அளந்தவர் ஊர் முழுவதையும் கேட்டாரல்லர். அக்குறையின் ஒரு பகுதி நீங்கப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களுடன் மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் சென்றதும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியதும் நம் கோயில்களின் வரலாற்றில் எவ்வகையாலும் சிறிய செய்திகள் அல்ல. கல்லில் வெட்டப்பெறாவிடினும், இவை எந்தக் குடமுழுக்குக்கும் குறைந்தன அல்ல என்பது எம் கருத்து.

இனி, எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த கல்வெட்டு ஒன்றைக் கூறுவாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், காஞ்சிக்கு அணித்தே, திருமுக்கூடல் என்னும் தலம் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று நீண்டு கிடக்கின்றது. பூசைக்கும் விழாவிற்கும் உரிய நிவந்தங்களைச் சொல்லி வருகையில், இடையே மறையும் இலக்கணமும் பயிலும் மாணாக்கரின் உணவு, உறையுள், சனிக்கிழமை எண்ணெய் நீராட்டு ஆகியவற்றுக்குக் கணக்குச் சொல்கின்றது. எண்ணெய் நீராட்டினைக்கூட மறவாத அக்கணக்கன் இளமையில் மாணாக்கர் விடுதியில் வளர்ந்தவனோ என்று எண்ணத் தோன்றுகின்றது!

அதனையடுத்து வருவது ‘வீரசோழன்’ என்னும் பெயர் பூண்ட ஆதுலர்சாலை. ஆதுலர் என்போர் நோயாளர். பதினைந்து நோயாளர் படுத்திருத்தற்குரிய இடம் அது. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு நாழி அரிசி. மருத்துவர், ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவர்க்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அறுவை செய்யும் சல்லியக்கிரியை வல்லார் ஒருவர். அவர்க்கு முப்பது கலம். மூலிகை பறித்து விறகு கொணர்ந்து மருந்து காய்ச்சும் ஆடவர் இருவர், நோயாளர்க்கு வேண்டுவன செய்து மருந்தூட்டும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வோன் ஒருவன். ஆண்டு முழுமைக்கும் சாலையில் இருக்கவேண்டிய மருந்துகளாக ஏறத்தாழ இருபதின் பெயர்கள் காணப்படுகின்றன. தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கலியாண லவணம் என வரும் அப்பெயர்களைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர் இன்றும் அடையாளம் காண்பர்.

அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் மாணாக்கர்க்குமே உரியதாய் இருந்தது என்று கருதுவோரும் உளர். அவ்வாறே இருப்பினும், நோய்ப்பட்டவனுக்கு எவை வேண்டும் என்பதை இத்துணை நுணுக்கமாக எண்ணிப் பார்த்தோர், நோயாளன் அருகே இருந்து பார்த்தோராகவே இருத்தல் வேண்டும். மருந்தை மட்டும் எழுதி அவர் அமையவில்லை. பருகும் தண்ணீரில் இடுதற்கு ஏலமும் இலாமிச்சை வேரும் இக்கல்வெட்டில் எழுதப்பெற்றுள்ளன. நோய் இரவில் மிகும். நோயாளன் இருளில் அஞ்சுவான். ஆகவே, இரவில் ஆதுலர்சாலையில் எரியும் விளக்கு ஒன்றுக்கும், கருவறை விளக்குகளுக்கு எழுதியவாறே, எண்ணெய் எழுதி வைத்துள்ளனர்.