அச்சைத் தடுத்தது யார்?

ஐரோப்பா 1455-ஆம் ஆண்டளவிலேயே ஈய எழுத்தால் நூல் அச்சிட்டுவிட்டது. முஸ்லிம் உலகமோ 1729 வரை அதனைத் தொடவில்லை. உலமாக்கள் அதனை ஹராம் என்று விலக்கியதே காரணம்: இக்கூற்றை மேடைகளில் கேட்டு நம் செவி பழகிவிட்டது. புதிய கருவி எது வந்தாலும் இந்த உதாரணத்தையே எடுத்து நம்மீது எறிகின்றனர். நாமும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறோம். இது வரலாறுதானா என்று ஒருமுறையேனும் நின்று பார்க்க வேண்டாமா?

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் இரண்டாம் பாயஸீதும், 1515-இல் சுல்தான் முதலாம் ஸலீமும், அச்சிடுவோருக்கு மரண தண்டனை விதித்ததாக எழுதுவார்கள். அவ்வாணைகளின் மூலம் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. பிற்கால ஐரோப்பியர் எழுதி வைத்ததையே ஒருவர் பார்த்து ஒருவர் எழுதி வந்துள்ளனர். அதே இஸ்தான்பூலில் 1493-இல் யூதர்கள் ஹீப்ரு நூல் அச்சிட்டார்கள். 1567-இல் ஆர்மீனியரும் அச்சுக்கூடம் நிறுவினார்கள். 1588-இல் சுல்தான் மூன்றாம் முராத், ஐரோப்பிய வணிகர் கொண்டுவரும் அரபி அச்சு நூல்களை விற்பதற்கு எவரும் இடையூறு செய்யலாகாது என்றே ஆணையிட்டார். ரோமில் மெடிசி அச்சகத்தார் 1594-இல் யூக்ளிடின் வடிவகணித நூலை அரபியில் வெளியிட்டபோது, இவ்வாணையை அதன் இறுதியில் அச்சிட்டுக் கொண்டார்கள். சந்தை திறந்தே இருந்தது. சரக்குதான் விலைபோகவில்லை.

ஏன் விலைபோகவில்லை என்பதற்கு எழுத்தின் இயல்பை நோக்க வேண்டும். இலத்தீன் எழுத்துத் தனித்து நிற்பது. ஈயத்தில் வார்த்து, செங்கல்லைப் போல் அடுக்கினால் சொல்லாகிவிடும். அரபி எழுத்தோ கைகோத்து நடப்பது. ‘ஐன்’ என்னும் ஓரெழுத்து, சொல்லின் முதலில் ஓர் உருவும், இடையில் ஓர் உருவும், கடையில் ஓர் உருவும், தனித்து நிற்கையில் மற்றோர் உருவும் கொள்ளும். சில எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமரும். ஸபர், ஸேர், பேஷ் ஆகிய குறிகள் மேலும் கீழும் வேண்டும். இத்தனைக்கும் பல நூறு அச்சுகளை வெட்டி வார்த்து, அவற்றைப் பிழையின்றிக் கோக்கும் கையையும் தேட வேண்டும். முதல் நூல் விற்குமுன் முதலீடு கரைந்துவிடும்.

வெனிஸ் நகரில் பகனீனி என்பாரும் அவர் மகனும் 1538-ஐ ஒட்டிக் குர்ஆனை அச்சிட்டார்கள். அதில் ‘தால்’ என்னும் எழுத்துக்கும் புள்ளி வைத்த ‘தால்’ எழுத்துக்கும் வேறுபாடு இல்லை. ஹிப்ளு மதரஸாவில் ஓதும் எட்டு வயதுச் சிறுவனும் அதனை மூடி வைத்துவிடுவான். அவ்வச்சகம் நொடித்தது, எஞ்சிய ஒரே பிரதி வெனிஸிலேயே ஒரு துறவியர் மடத்து நூலகத்தில் 1987-இல்தான் கண்டறியப்பட்டது. மெடிசி அச்சகம் 1593-இல் இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலை அழகிய எழுத்தில் வெளியிட்டும் தப்பவில்லை. கைதேர்ந்த காத்திபின் ஏடு கண்முன் இருக்க, அதனினும் தாழ்ந்த ஒன்றுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

உலமாக்களுக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இப்ராஹீம் முதஃபர்ரிகா 1727-இல் சுல்தானின் அனுமதி பெற்றபோது, ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி ஃபத்வா வழங்கி ஆதரித்தார் என்பது உண்மை. குர்ஆன், ஹதீஸ், தஃப்ஸீர், ஃபிக்ஹு நூல்கள் அவ்வனுமதிக்கு வெளியே நிறுத்தப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் அனுமதிக்கப்பட்ட அகராதியும் சரித்திரமுமே முழுமையாக விற்கவில்லை. 1729-இல் ஆயிரம் பிரதி அச்சிட்டுத் தொடங்கியவர், பதினேழு நூல்களோடு நின்றார். அவர் மறைந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் விற்காத பிரதிகள் ஏராளம்.

இவ்விடத்தில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தமிழில் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. ஆயினும் 1835-இன் அச்சுச் சட்டத்துக்குப் பின்னரே நாட்டு மக்களின் தமிழ் அச்சகங்கள் பெருகின. இடைப்பட்ட இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மட்டும் மதத்தின்மீது எவரும் பழி சொல்வதில்லையே!

நம் கட்சிக்குச் சான்று சொல்வது கல்லச்சு. மியூனிக் நகரத்து ஸெனெஃபெல்டர், தம் நாடகங்களைச் சிக்கனமாக அச்சிட வழிதேடி, 1796-ஐ அடுத்த ஆண்டுகளில் அதனைக் கண்டார். எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிய எழுத்தைச் சுண்ணாம்புக் கல்லில் பதித்து, கல்லை நீரால் நனைத்தால், அச்சு மை எழுத்தில் மட்டும் ஒட்டும். ஈரம் படிந்த இடத்தில் ஒட்டாது. வார்ப்பு இல்லை, கோப்பு இல்லை. காத்திபின் கை எப்படி ஓடியதோ அப்படியே தாளில் வரும். பக்கத்தின் ஓரத்தில் ஹாஷியாவைச் சாய்த்து எழுதினாலும் வரும். வந்த வேகத்தைப் பாருங்கள்! 1858-இல் லக்னோவில் அச்சகம் தொடங்கிய நவல் கிஷோர் என்னும் இந்துப் பெருமகனார், குர்ஆனையும் கிதாபுகளையும் கல்லச்சில் மலிவாக அள்ளித் தந்தார். மொரோக்கோவுக்கு 1864-இல் வந்த முதல் அரபி அச்சுப்பொறியே கல்லச்சுப் பொறிதான். விலக்கியவர்கள் என்று பழிக்கப்பட்ட உலமாக்களே முன்வந்து எழுதினார்கள், பிழை திருத்தினார்கள், வாங்கினார்கள். நாம் ஓதிய தர்ஸு கிதாபுகள் பலவும் அக்கல்லச்சுப் பிரதிகளின் மறுபதிப்புகளே. சென்னையில் 1927-இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளேடும் நெடுங்காலம் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது.

நம் அரபுத்தமிழும் பெரும்பாலும் கல்லச்சிலேயே வாழ்ந்தது. ங, ட, ண, ப, ள, ழ முதலிய ஒலிகளுக்கு அரபி எழுத்தில் புள்ளி கூட்டி முன்னோர் அமைத்த எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோரின் நூல்களை வீட்டுப் பெண்கள் ஓதிப் பயன்பெற்றார்கள். கல் அதற்கு வாழ்வளித்தது. அந்த வசதியே நம்மைச் சோம்பச் செய்தது என்பது நம் எண்ணம். அவ்வெழுத்துக்கென ஈய அச்சை ஊரெங்கும் பரப்ப நம் செல்வர்கள் பொருள் இறக்கவில்லை. பள்ளிக்கூடத் தமிழ் பரவியது முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் கல்லச்சு மறைந்தபோது, அவ்வெழுத்தை ஏந்திக்கொள்ள வேறு பொறி அணியமாக இல்லை. இதற்கு எந்த சுல்தானின் ஆணையையும் நாம் காரணம் காட்ட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர், பூட்டியாரின் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த கிதாபு ஒன்றைக் கொண்டுவந்தார். “ஹஸ்ரத், இது எந்த அரபி? ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லையே” என்றார். உரக்க ஓதச் சொன்னோம். எழுத்தெழுத்தாகக் கூட்டி ஓதினார். மூன்றாம் வரியில் நிறுத்தி, நம் முகத்தைப் பார்த்தார். “இது தமிழ் அல்லவா!” என்றார்.