மாண்ட்கோமரியில் திரண்ட மக்கள்

1953ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் காண்டன் நகர மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரு பாடகரின் வருகைக்காகக் காத்திருந்தனர். அவர் வரவில்லை. வரும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார் என்று மேடையில் அறிவித்தபோது கூட்டத்தில் சிலர் சிரித்தனர். குடிமயக்கத்தால் நிகழ்ச்சிகளுக்கு வாராமற்போவது அப்பாடகருக்கு வழக்கமாகியிருந்தது. இதுவும் அத்தகைய சாக்கே என்று அவர்கள் எண்ணினர். உண்மை என்று மீண்டும் வலியுறுத்திய பின்னரே சிரிப்பு அடங்கிற்று. உடன் பாட வந்திருந்த கலைஞர்கள், மறைந்தவர் இயற்றிய ‘நான் ஒளியைக் கண்டேன்’ என்று பொருள்படும் பக்திப் பாடலைத் தொடங்கினர். மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடிற்று.

மறைந்தவர் ஹேங்க் வில்லியம்ஸ். அப்போது அவருக்கு வயது 29.

‘கன்ட்ரி’ இசை என இன்று உலகம் அறிந்திருப்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரிடையே வளர்ந்த இசையாகும். பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல்களும் தேவாலயப் பாடல்களும் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாடல்களும் அதில் கலந்துள்ளன. நகரத்துக் கற்றோர் நெடுங்காலம் அதனை மலைநாட்டார் கூச்சல் என்று எள்ளினர். இசைத்தட்டும் வானொலியும் வந்தபின் அந்த ஏளனம் எடுபடவில்லை. 1925இல் நாஷ்வில் நகரில் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் வானொலி நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவுதோறும் பல மாநிலங்களில் மக்கள் கேட்டு மகிழ்ந்தனர்.

இம்மக்கள் தங்கள் பாடகருக்குத் துயர் காத்தது அதுவே முதன்முறையன்று. இருப்புப்பாதைத் தொழிலாளியாயிருந்து பாடகரான ஜிம்மி ராட்ஜர்ஸ் 1933ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் காசநோயால் இறந்தார். அவர் உடலைச் சொந்த ஊராகிய மெரிடியனுக்குக் கொண்டுசென்ற இரயிலின் ஓட்டுநர், வண்டி ஊரை நெருங்கியபோது ஊதுகுழலைத் தாழ்ந்த குரலில் இடைவிடாது ஒலித்தார் என்பர். தம்முள் ஒருவனுக்குத் தொழிலாளர் செய்த மரியாதை அது.

ஹேங்க் வில்லியம்ஸ் 1923 செப்டம்பர் 17இல் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பிறவியிலேயே முதுகெலும்பில் குறை. அதனால் வந்த நோவு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. 1949 ஜூன் 11 அன்று ஆப்ரி மேடையில் அவர் முதன்முதலாகத் தோன்றியபோது, ‘லவ்சிக் புளூஸ்’ பாடலை அவையோர் மீண்டும் மீண்டும் பாடச் செய்தனர். அதே ஆப்ரி நிறுவனம் 1952 ஆகஸ்டில் குடியை முன்னிட்டு அவரை நீக்கிவிட்டது. நான்கு மாதங்களுக்குப்பின், காண்டன் நகர் நோக்கிச் சென்ற காரின் பின்னிருக்கையில், வண்டியோட்டிய கல்லூரி மாணவனும் அறியாத ஒரு வேளையில் உயிர் பிரிந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் என்னும் ஊரில்தான் அது தெரியவந்தது.

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. மாண்ட்கோமரி நகர மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. உள்ளே இடம் பெற்றோர் ஏறத்தாழ 2,750 பேர். வெளியே நின்றோர் 20,000க்கும் மேற்பட்டோர். அவரை நீக்கிய ஆப்ரியின் முன்னணிக் கலைஞர்களே திரண்டு வந்தனர். எர்னஸ்ட் டப் பாடினார். ராய் ஏகஃப் முன்னின்று பாட, காண்டனில் ஒலித்த அதே பாடல் இங்கும் ஒலித்தது. ரெட் ஃபோலி பாடினார். மயங்கி விழுந்தோரும் உண்டு.

இத்துணையும் பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அம்மண்டபத்தில் யார் எங்கே அமர்ந்தனர் என்பதையும் வரலாறு கேட்க வேண்டும். கறுப்பின மக்களும் அஞ்சலி செலுத்த வந்திருந்தனர். அவர்களுக்கு மேல்மாடமே ஒதுக்கப்பட்டது. நிறவேற்றுமைச் சட்டம் துயரத்துக்காகத் தளரவில்லை. கறுப்பினப் பாடகர் குழு ஒன்றும் அந்நிகழ்ச்சியில் பாடியது. பாடும்போது மேடை, அழும்போது மாடம்!

மறைந்தவரின் ஆசிரியர் யார் என்பதை எண்ணினால் இதன் கொடுமை விளங்கும். அவர் ‘டீ-டாட்’ என்று ஊரார் அழைத்த ரூஃபஸ் பெய்ன் என்னும் கறுப்பினத் தெருப்பாடகர். சில காசுகளுக்கும் ஒருவேளை உணவுக்குமாக வெள்ளைச் சிறுவன் ஒருவனுக்கு கிதார் மீட்டவும், தெருவில் போவோரை நிறுத்திக் கேட்கச் செய்யவும் கற்றுக்கொடுத்தவர். தாம் பெற்ற இசைப்பயிற்சி முழுவதும் அவரிடமிருந்தே வந்தது என்று புகழின் உச்சியிலும் ஹேங்க் மறைக்காது கூறினார். 1939இல் பெய்ன் மாண்ட்கோமரியிலேயே, ஏழைகளுக்கான மருத்துவமனையில் இறந்தார். அவருக்காக எந்த மண்டபமும் திறக்கப்படவில்லை. உயிரோடு இருந்து மாணவனின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தாலும், அவருக்கும் மேல்மாடத்தில்தான் இடம் கிடைத்திருக்கும்.

சிறுவன் ஹேங்க் பாட்டுப் போட்டியில் பரிசு பெற்ற எம்பயர் அரங்கு இதே நகரில் இருந்தது. அவ்வரங்கின் முன்தான் 1955 டிசம்பர் முதல் நாள், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். இடுகாட்டுக்கு ஊரே திரண்ட நாளிலிருந்து மூன்றாண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.

இறந்தபின் ஹேங்கின் புகழ் பெருகிற்று. உயிருடன் இவ்வுலகைவிட்டு மீளப்போவதில்லை என்று வேடிக்கையாகப் பாடிய அவரது இசைத்தட்டு, அவர் இறந்த அதே மாதத்தில் விற்பனையில் முதலிடம் பெற்றது. அவரைப் பற்றி இரங்கற் பாடல்கள் பலவும் எழுந்தன. ஜாக் கார்ட்வெல் பாடிய ‘ஹேங்க் வில்லியம்ஸின் மரணம்’ அவற்றுள் புகழ்பெற்றது. தலைவன் மாய்ந்தபின் சார்ந்தோர் செயலற்றுப் பாடுவதை நம் இலக்கணம் கையறுநிலை என்னும். நம் புலவர்கள் வள்ளலுக்கும் வேந்தனுக்கும் பாடினர். இங்கே பாட்டுக்காரனுக்குப் பாட்டுக்காரர் பாட, அதனைக் கூலித் தொழிலாளர் காசு கொடுத்து வாங்கினர். 1961இல் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபம் முதன்முதலாக ஏற்ற மூவருள் ஹேங்கும் ஜிம்மி ராட்ஜர்ஸும் இருவர். 2010இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கிற்று.

ஓக்வுட் இடுகாட்டில் அவருடைய பளிங்கு நினைவுச் சின்னத்தின் அடியில் கல்லால் வடித்த தொப்பி ஒன்று கிடக்கிறது. சூழவிருந்த புல்லை அன்பர்கள் நினைவுப்பொருளாகப் பிடுங்கிச் சென்றதால் அங்குச் செயற்கைப் புல் விரிக்க நேர்ந்தது. அதே நகரில், கறுப்பினத்தாருக்குரிய லிங்கன் இடுகாட்டில் ரூஃபஸ் பெய்னுக்கும் பிற்காலத்தில் ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. அவர் புதைக்கப்பட்ட இடம் சரியாக எது என்பது எவருக்கும் தெரியாததால், கல்லை ஓரிடத்தில் நாட்டிவிட்டனர்.