சட்டம் தந்ததா, சங்கம் வென்றதா?

தொழிற்சட்டம் என்றதும் நம்மிற் பலருக்கு ஞாபகம் வருவன பிரிவு, உட்பிரிவு என்று நீளும் வறண்ட வாசகங்களே. ஆனால் அவ்வாசகங்களின் பின்னால் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்த மனிதர்கள் நிற்கின்றனர். சிலவற்றின் பின்னால் பிணங்களும் கிடக்கின்றன. ஆகவே இலங்கையின் தொழிற்சட்டத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர் சட்டப் புத்தகத்தோடு சரித்திரத்தையும் சேர்த்தே விரிக்க வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. வேலை கொடுப்பவனும் வேலை செய்பவனும் சுயேச்சையாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். இதிலே சட்டம் தலையிடுவானேன்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாளிகள் ஓயாது கேட்ட கேள்வி இது. ஆனால் தமக்குத் தேவைப்பட்ட இடத்தில் சட்டத்தை அழைக்க அவர்கள் தயங்கவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். வணிகர் இருவருக்கிடையே வெறும் கடன் வழக்காக முடியும் விஷயம், கூலியாளுக்கு மட்டும் குற்றமாயிற்று. மலைநாட்டிலே இதற்கு மேலாகத் ‘துண்டு’ முறையும் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தாங்கிய அந்தத் துண்டு இல்லாமல் ஒருவன் மறு தோட்டத்தில் வேலை தேட இயலாது. ‘சுயேச்சை ஒப்பந்தம்’ என்பதன் உண்மை உருவம் இதுதான்.

இந்த இருளில் முதற் பொறி கொழும்பிலே தோன்றியது. 1893 இல் அச்சுத் தொழிலாளர் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தனர். 1906 இல் வண்டிக்காரரும், 1912 இல் ரயில்வே தொழிலாளரும் அவ்வழியே சென்றனர். 1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை நிறுவிச் சிறைத் தண்டனை விதிகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1920களின் தொடக்கத்தில் துண்டு முறையும் அவ்விதிகளும் ஒழிந்தன. 1923 இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் கொழும்பு நகரம் பொது வேலைநிறுத்தம் ஒன்றைக் கண்டது. 1929 இல் டிராம் தொழிலாளரின் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது; அதன் பின்னரே முதலாளிமார் சம்மேளனம் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தது. தோட்டங்களிலே கோ. நடேசய்யர் 1931 இல் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

சங்கம் இருந்தும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. வேலைநிறுத்தத்தால் முதலாளிக்கு நட்டம் ஏற்பட்டால் அதைச் சங்கமே ஈடுசெய்ய வேண்டுமா? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ‘ஆம்’ என்றது. 1901 இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் வழங்கிய அத்தீர்ப்பினால் ரயில்வே ஊழியர் சங்கம் 23,000 பவுண் நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. தொழிலாளரின் கொந்தளிப்பு 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அத்தீர்ப்பைத் துடைத்தெறிந்தது. சென்னையிலும் இக்கதை மீண்டது. 1918 இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா முதலியோருக்கு எதிராகப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்திலே தடையுத்தரவு பெற்றது. அதனால் எழுந்த கிளர்ச்சியின் முடிவே 1926 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம்.

இலங்கையிலே 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இக்குறையைத் தீர்த்தது. ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கமொன்றைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். தொழிற் பிணக்கின் பொருட்டுச் செய்த செயலுக்காகச் சங்கத்தின்மேல் நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாது.

அப்படியானால் தொழிலாளி வென்றுவிட்டானா? இதற்கு முல்லோயா விடை சொல்லுகிறது.

ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் சம்பள உயர்வும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலையை நிறுத்தினர். 1940 ஜனவரி 10 ஆம் திகதி பொலிசாரின் வேட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானான். கோவிந்தனின் மனைவிக்காகச் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். தோட்டத் தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு மந்திரி விடுத்த பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்க மறுக்க, தேசாதிபதி கோல்டிகொட் பொலிசின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் மந்திரி சபையே இராஜிநாமாச் செய்தது.

1935 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வருடங்களாக அமுலில் இருந்தும் கோவிந்தனை அது ஏன் காக்கவில்லை? அச்சட்டம் சங்கம் ‘இருக்கலாம்’ என்றது. சங்கத்தோடு ‘பேசவேண்டும்’ என்று முதலாளியிடம் சொல்லவில்லை. மேலும் தோட்டம் முழுவதும் துரையின் சொத்து. லயத்தின் வாசலும் அவருடையதே. தொழிலாளியைப் பார்க்க வரும் சங்கப் பிரதிநிதி அத்துமீறிப் பிரவேசித்த குற்றவாளியாவான். ஏட்டிலே இருந்த உரிமை தோட்டத்து வாயிற் கதவைத் தாண்டவில்லை.

கதவு சற்றே திறந்தது போராட்டத்தின் பின்னர்தான். அதே 1940 இல் தோட்ட முதலாளிகள் சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தனர். 1941 இல் பிறந்த சம்பளச் சபைகள் இரு தரப்புப் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் அமர்த்திக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தன. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்குச் சட்ட வலிமை தந்து, சமரசத்துக்கும் நடுத்தீர்ப்புக்கும் வழி வகுத்தது. 1957 இன் திருத்தம் தொழில் நியாய மன்றுகளை உண்டாக்கிற்று. வேலைநீக்கப்பட்ட தனியொரு தொழிலாளியும் நீதி கேட்டு அங்கே போகலாம். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமோ, பதினைந்து பேருக்குக் குறையாது வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அங்கீகாரத்தையோ அவசியமாக்கியது.

சங்கத்தோடு பேசும் கடமை? அது 1999 இன் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்திலேதான் வந்தது. சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அத்தொழிலாளரில் நாற்பது வீதத்தினரையேனும் அங்கத்தவராகக் கொண்டிருப்பின், அதனுடன் பேச முதலாளி மறுத்தல் குற்றம். இருப்பதற்கான உரிமைக்கும் மதிக்கப்படுவதற்கான உரிமைக்கும் இடையே கழிந்தவை 64 ஆண்டுகள்!

சட்டம் கொடுத்ததைச் சட்டமே பறித்த கதையும் நமக்குண்டு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் திருத்தச் சட்டமும் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. நாடாளுமன்றத்தின் கதவு அடைபட்ட அந்நாட்களில் அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே அரசியல் ஆயுதம் சங்கத்தின் அங்கத்துவச் சீட்டே. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்தின்போது அரசாங்கம் ஒரே வீச்சில் பல்லாயிரம் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியதையும் நாம் மறப்பதற்கில்லை. சங்கம் பிளவுபட்டு நின்ற வேளையில் சட்டப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் அவர்களுக்குக் குடை பிடிக்கவில்லை.

ஆகவே தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை எளிது. எனினும் அதன் இரு பாதிகளையும் சேர்த்தே கொள்ள வேண்டும். சட்டத்தைச் சங்கம் வென்றெடுத்தது. வென்றதை நிலைநிறுத்தச் சட்டம் தேவைப்பட்டது. சட்டத்தை மட்டும் நம்பி உறங்கும் சங்கம் முல்லோயாவை மறந்த சங்கம். சட்டத்தைக் கற்காமல் உணர்ச்சியை மட்டும் நம்பும் சங்கமோ, பெற்ற உரிமையைப் பிரயோகிக்கத் தெரியாமல் இழக்கும் சங்கம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நம் பாடநூல்கள் தேசாதிபதிகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்விக்கின்றன. கோல்டிகொட் என்ற பெயரைக் கற்கும் பிள்ளை கோவிந்தன் என்ற பெயரையும் கற்கட்டும். நாளை அப்பிள்ளை கடையிலோ காரியாலயத்திலோ தொழிற்சாலையிலோ நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும்போது, அந்தக் காகிதத்தில் எழுதப்படாத பெயர்கள் பல உண்டு என்பதை அறிந்தே கையெழுத்திடும்.