உரலோசையும் அண்டை வீட்டார் உறக்கமும்: காபிக்கொட்டை அரைபட்ட வரலாறு

சென்ற ரமளானில் ஒரு நாள். ஸஹர் நேரத்திற்கு முன்பாக எழுந்து, வழக்கம்போல் மின்சார அரைவை இயந்திரத்தில் காபிக்கொட்டையைப் போட்டு அரைத்தேன். புதிதாக அரைத்த தூளில் இறக்கிய காபியைப் பருகிவிட்டுத் தஹஜ்ஜுத் தொழுகைக்கு நிற்பது சில மாதங்களாக என் பழக்கமாயிருந்தது. அன்று பகலில், கீழ்வீட்டில் குடியிருக்கும் சகோதரி என் மனைவியிடம் மிகத் தயக்கத்துடன் ஒரு செய்தி சொன்னார். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத அவருடைய குழந்தை ஒவ்வொரு நாளும் அந்த ஓசையில் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறதாம்.

அன்று மாலை மதரஸாவில் மாணவர்களுக்கு அண்டை வீட்டார் உரிமைகளைப் பற்றிய பாடம். அதை நடத்தும்போது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல இயலாது. அதன்பின் காபிக்கும் வணக்கத்திற்கும் உள்ள தொடர்பைக் குறித்து நான் முன்பு படித்தவற்றை மீண்டும் புரட்டினேன். அவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுள்ளது எனக் கருதுகிறேன்.

காபிச் செடியின் தாயகம் ஹபஷா எனப்படும் எத்தியோப்பியா. எனினும் அதைப் பானமாக்கிப் பருகும் வழக்கம் குறித்த தெளிவான செய்திகள் 15ஆம் நூற்றாண்டின் யமன் தேசத்திலிருந்தே கிடைக்கின்றன. இரவு திக்ரு மஜ்லிஸ்களில் உறக்கம் மேலிடாதிருக்க அங்குள்ள சூஃபிகள் இதைப் பருகினர். ஏதனில் வாழ்ந்த மார்க்க அறிஞர் முஹம்மது அத்தப்ஹானீ (ரஹ்) அவர்களே இவ்வழக்கத்தைப் பரப்பியவர் என்றொரு செய்தியை, ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில் காபிக்காகவே ஒரு நூல் இயற்றிய அப்துல் காதிர் அல்ஜஸீரீ பதிவு செய்துள்ளார். மோக்கா துறைமுக நகரத்து மக்களோ, அங்கு அடங்கியிருக்கும் அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ (ரஹ்) அவர்களுக்கே அச்சிறப்பை உரியதாக்குவர்.

கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் யமன் மாணவர் பகுதியில் இப்பானம் பருகப்பட்ட முறையையும் அந்நூல் சொல்கிறது. திங்கள், வெள்ளி இரவுகளில் பெரிய செம்மண் பாத்திரம் ஒன்றில் காபி இருக்கும். குழுவின் தலைவர் சிறு அகப்பையால் மொண்டு வலப்புறமாகக் கொடுத்துவர, மற்றவர் திக்ரு ஓதியபடியே வாங்கிப் பருகுவர். தனக்கென்று ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு ஒருவர் ஒதுங்கிய பானமாக அது இருக்கவில்லை. கூட்டாகப் பகிர்ந்த பானமாகவே இருந்தது.

தொடக்க காலத்தில் இருவகைக் கஹ்வா வழக்கில் இருந்தன. கொட்டையின் மேலுறையைக் காய்ச்சிப் பெறுவது ‘கிஷ்ர்’. இதற்கு அரைக்கும் வேலை இல்லை. கொட்டையையே வறுத்துப் பொடித்துக் காய்ச்சுவது ‘புன்’. இந்த இரண்டாம் வகைக்குத்தான் உரலும் உலக்கையும் வேண்டியிருந்தன. அரபுப் பாலைவனத்துக் கூடாரங்களில் வறுத்த கொட்டையை உரலில் இடிக்கும் ஓசைக்குத் தனித் தாளமே உண்டு. அவ்வோசை ‘இங்கே காபி தயாராகிறது, வாருங்கள்’ என்று அயலாரை அழைக்கும் அழைப்பாகவும் கொள்ளப்பட்டது. அரபுக் காபி விருந்தோம்பலின் அடையாளமாக விளங்குவதை ஏற்று, 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தகைய பானத்திற்கும் சோதனை வந்தது. ஹிஜ்ரி 917, அதாவது கி.பி. 1511இல், மம்லூக் ஆட்சியின் சார்பில் மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக், ஓர் இரவில் ஹரம் ஷரீஃபின் அருகே சிலர் கூடிக் காபி பருகுவதைக் கண்டார். அவருக்கு ஐயம் எழுந்தது. சட்ட அறிஞர்களைக் கூட்டினார். மருத்துவர் இருவர் இது உடலுக்குத் தீங்கு என்று சாட்சியம் அளித்தனர். காபி தடைசெய்யப்பட்டது, கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் அனுப்பிய ஆணை, கூட்டங்களில் நிகழும் தகாத செயல்களைத் தடுக்குமாறு கூறிற்றே தவிர, பானத்தை முற்றாக விலக்கவில்லை.

பின்பு உஸ்மானியத் தலைநகர் இஸ்தான்பூலில் 1550களில் காபிக் கடைகள் தோன்றியபோது வேறொரு விவாதம் எழுந்தது. கரியாகும் அளவு வறுக்கப்பட்ட பொருளை உண்பது கூடாது. காபிக்கொட்டையோ கருக வறுக்கப்படுகிறது. ஆகவே அது விலக்கப்பட்டது என்று சிலர் வாதிட்டனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷைகுல் இஸ்லாம் பொறுப்பிலிருந்த போஸ்தான்ஸாதா முஹம்மது அஃபந்தி காபிக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தார். கொட்டை நிறம் மாறுவது வேறு, கரியாவது வேறு என்பது தெளிவாயிற்று. ஒரு பொருளின் மீது தீர்ப்புச் சொல்லுமுன் அப்பொருளின் இயல்பை உள்ளபடி அறிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஏது? 1633இல் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடச் செய்தார், அதுவும் நிலைக்கவில்லை.

அரைக்கும் கருவியும் காலந்தோறும் மாறியது. உரலுக்குப் பின் துருக்கியரின் பித்தளை உருளை ஆலைகள் வந்தன. மேலே கைப்பிடி, உள்ளே பல்சக்கரம். மாவுபோல் நுண்ணிய தூள் அதில் கிடைக்கும். பிரான்சில் பெஜோ குடும்பத்தார் 1840 முதல் கையால் சுழற்றும் காபி ஆலைகளைச் செய்தனர். நம் பக்கத்தில், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புடன் என்னும் இறைநேசர் யமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று வீடுகளில் உள்ள மின்சார இயந்திரங்கள் இருவகைப்படும். ஒன்று, சுழலும் அலகால் கொட்டையை வெட்டுவது. இதில் தூள் ஒரே சீராக இராது. நீண்ட நேரம் ஓடவிட்டால் தூள் சூடேறி மணம் கெடும். ஆதலால் சில விநாடிகள் ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மீண்டும் ஓட்ட வேண்டும். மற்றொன்று, பல் பொருந்திய இரு வளையங்களுக்கிடையே கொட்டையை நசுக்குவது. இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் தூளின் நயத்தை வேண்டியபடி அமைக்கலாம். தூளும் சீராக விழும். துருக்கியக் காபிக்கு மிக நுண்ணிய தூளும், நம் ஃபில்டருக்கு அதனினும் சற்றுப் பருத்த தூளும் ஏற்றவை.

பராமரிப்பில் முதன்மையானது தூய்மை. வறுத்த கொட்டையில் எண்ணெய்ப்பசை உண்டு. அது உட்புறத்தில் படிந்து நாளடைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். எவ்வளவு உயர்ந்த கொட்டையை இட்டாலும் சுவை கெடும். எனவே மின்இணைப்பைத் துண்டித்தபின், வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தூளை அகற்றி, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். மோட்டார் உள்ள பகுதியை ஒருபோதும் நீரில் நனைக்கலாகாது. சீரகம், மிளகு ஆகியவற்றை அதே இயந்திரத்தில் அரைத்தால் அவ்வாசம் எளிதில் நீங்காது. இது என் சொந்த அனுபவம். கைவசம் உள்ள கருவியைப் பேணாமல் பாழாக்கிவிட்டுப் புதியது வாங்குவதும் வீண்விரயமே.

இனி, தொடங்கிய இடத்திற்கு வருகிறேன். பாலைவனத்து உரலோசை அயலாரை விருந்துக்கு அழைத்தது. என் வீட்டு இயந்திரத்தின் ஓசையோ அயல்வீட்டுப் பச்சிளங்குழந்தையை அழவைத்தது. வணக்கத்திற்காக நான் விழித்தது உண்மை. ஆனால் அதற்கு விலையாக, பிள்ளை பெற்று இளைத்த ஒரு தாயின் உறக்கத்தை அவரைக் கேளாமலே எடுத்துக்கொண்டேன். அன்று முதல் அஸருக்குப் பின்னரே மறுநாளுக்குரிய தூளை அரைத்து, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து வைக்கிறோம். இயந்திரத்தின் அடியில் மடித்த தடித்த துணி ஒன்றையும் விரிக்கிறோம். மேசையின் அதிர்வு அதனால் குறைகிறது. அப்போதே அரைத்த தூளின் மணம் இதில் சற்றுக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவு என் நாவோடு முடிந்துவிடுகிறது.

சென்ற வாரம் அந்தச் சகோதரியின் வீட்டிற்கு அரைத்த தூள் ஒரு டப்பா அனுப்பினோம். குழந்தை இப்போது இரவு முழுவதும் உறங்குகிறதாம். நம் வணக்கங்கள் பிறருக்குத் துன்பமாக அமையாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.