நடுகல் இல்லாத சிப்பாய்

கும்மிடிப்பூண்டி என்றதும் இன்று நினைவுக்கு வருவன சிப்காட் வளாகமும் ஆலைகளின் புகைபோக்கிகளுமே. 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இவ்வூர் வழியே ஒரு படை தெற்கு நோக்கி நடந்தது. கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் குண்டூரிலிருந்து வந்த அப்படையில் ஏறத்தாழ 2,800 பேர் இருந்தனர். ஐரோப்பியர் சில நூற்றுவர். எஞ்சியோர் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள். மூன்று வாரம் நிறையுமுன் அப்படை இல்லாமற் போயிற்று.

அவ்வாண்டு ஜூலையில் ஐதர் அலி பெரும்படையோடு ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியிருந்தார். அவரை எதிர்க்கச் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரம் புறப்பட்டார். பெய்லியும் அங்கு வந்து சேரவேண்டும் என்பது கட்டளை. ஆகஸ்டு 25 அன்று பெய்லி கொசத்தலையாற்றை அடைந்தபோது நீர் குறைவாகவே ஓடியது. எனினும் அவர் அன்று ஆற்றைக் கடவாமல் வடகரையிலேயே பாளையம் இறங்கினார். இரவில் வெள்ளம் புரண்டது. செப்டம்பர் முதல் வாரத்திலேதான் மறுகரை ஏற முடிந்தது. அந்த ஓர் இரவின் முடிவைத் தளபதி செய்தார். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர் பின்னே நடந்தவர்கள்.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். பெய்லியின் படை தாங்கி நின்றது. காஞ்சியிலிருந்த மன்றோ தாம் நகராமல், கர்னல் பிளெட்சரிடம் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஒப்படைத்து அனுப்பினார். அவர்கள் 9ஆம் நாள் பெய்லியோடு சேர்ந்தனர். அவர்களுள் 73ஆம் காலாட்படையின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன.

இந்த 73ஆம் படைப்பிரிவு 1778இல் ஸ்காட்லாந்தில் திரட்டப்பட்டது. அதன் வீரருள் பெரும்பாலோர் மலைநாட்டார். அவர்கள் நாட்டு மொழி ஆங்கிலம் அன்று, கேலிக். பிரிட்டிஷ் காலாட்படை வீரனுக்கு அக்காலத்தில் நாளொன்றுக்கு எட்டுப் பென்ஸ் சம்பளம். அதிலும் பிடித்தம் உண்டு. 1779இல் கப்பலேறிய அவர்கள் 1780 ஜனவரியில் சென்னைக் கரையில் இறங்கினர். எட்டு மாதம் நிறையுமுன் அவர்களுள் பலர்க்குத் தொண்டை மண்டலத்து மண்ணே இறுதி இடமாயிற்று.

9ஆம் நாள் இரவு புறப்பட்ட படையைப் பெய்லி நடுவழியில் மீண்டும் நிறுத்தினார். மறுநாள் காலை புள்ளலூர் அருகே ஐதரின் படை சூழ்ந்துகொண்டது. பீரங்கிக் குண்டுகளும் இரும்புக்குழல் ராக்கெட்டுகளும் பொழிந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. எஞ்சியோர் சதுரமாய் அணிவகுத்துக் குதிரைப்படையை எதிர்த்து நின்றனர். இறுதியில் பெய்லி சரணடைந்தார்.

ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேருள் 36 பேர் மாண்டனர், 34 பேர் காயத்தோடு பிடிபட்டனர், 16 பேர் காயமின்றிப் பிடிபட்டனர் என்று ஆங்கிலேயர் எண்ணி எழுதிவைத்தனர். சிப்பாய்களின் சாவோ முழு எண்களில், தோராயமாய் அடங்கிவிட்டது. சீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் இறந்த பெய்லிக்கு 1816இல் அங்கே நினைவு மண்டபம் எழுந்தது. சிறையிலிருந்து 1784இல் மீண்ட கேப்டன் டேவிட் பெயர்ட், 1799இல் அதே கோட்டையைத் தாக்கிய படையை நடத்திப் புகழ்பெற்றார். கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைத்த செய்தி கேட்டு அவருடைய தாய் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் வழங்குகிறது. மற்ற தாயர் சொன்னதை யாரும் குறித்துவைக்கவில்லை.

தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாய் இருக்கிறது. நடுவே பல்லக்கில் பெய்லி. சுற்றிலும் செஞ்சட்டை வீரர், ஒருவர் போலவே மற்றவர். புள்ளலூரில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களும் 1781 ஆகஸ்டு 27 அன்று அங்கு நடந்த மறுபோரில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு உரியவை.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொன்னது. எடுத்தனூர் நடுகல்லில், கள்வனைக் கடித்து நின்ற நாய்க்கும் ‘கோவிவன்’ என்று பெயர் பொறித்தனர் நம் முன்னோர். ஸ்காட்லாந்து வீரன் ஊர் காக்க மாண்டவன் அல்லன். அன்னியர் ஆட்சி வளரக் கூலிக்கு நின்றவன். நடுகல்லின் சிறப்பை அவனுக்குக் கேட்பதற்கில்லை. ஆயினும் பெயரின்றிப் போனவன் அவன் ஒருவன் மட்டுமல்லன். அவனருகே நின்ற தமிழரும் தெலுங்கரும் இசுலாமியரும் ஆகிய சிப்பாய்களும், எதிரே நின்ற மைசூர்க் குதிரைவீரரும், இரு படைகளுக்கும் இடையில் வீடும் விளைச்சலும் இழந்த குடிகளும் அவ்வாறே மறைந்தனர்.

தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் வேறுபாடின்றி ஒரே அளவுக் கல் என்னும் நெறியைப் பிரிட்டிஷ் அரசு ஏற்க 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் வரவேண்டியிருந்தது. சென்னை நந்தம்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அந்நெறியைக் கண்ணாரக் காணலாம். பேரம்பாக்கத்துக்கும் புள்ளலூருக்கும் அது பிந்தி வந்த நீதி. அங்கு மாண்டோரின் பெயர்களை இனி எந்தக் கல்லும் தரப்போவதில்லை. பெயர் இல்லை என்பதையாவது பதிந்துவைப்பது இம்மண்ணின் எழுத்தாளர்க்கு உரிய கடமை.